டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு லேப்டாப்பைக் கொடுங்கள்

சகோதரி கேட்டிருப்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லேப்டாப் மேல் டீ கொட்டிவிட்டது. அதிலிருந்து ஆன் ஆகவில்லை. கடையில் கொண்டுபோய்க் காட்டினால், "வெச்சிட்டுப் போங்க, பாஸ்வேர்டை மட்டும் இந்தச் சீட்டுல எழுதிக் குடுத்துடுங்க" என்கிறார்கள். உள்ளே குடும்பப் படங்கள் இருக்கின்றன. வீட்டில் எல்லோருடைய ஆதார், பான் ஸ்கேன்கள் இருக்கின்றன. வீட்டிலிருந்தபடியே பார்த்துக்கொடுக்கும் ஜிஎஸ்டி கணக்குகளும், அந்தக் கிளையண்டுகளின் வங்கி ஸ்டேட்மென்ட்களும் இருக்கின்றன. "ஆன் ஆகாத லேப்டாப்பிலிருந்து இதையெல்லாம் எப்படி அழிப்பது? அழிக்காமல் கொடுத்தால் ஆபத்தா?" என்று கேட்கிறார். ஆனால் கேள்வியை முழுக்கப் படித்தால், அவருக்கு எதையும் அழிக்கும் எண்ணமே இல்லை. அந்தக் கணக்குகள் அடுத்த ரிட்டர்ன் தேதிக்குள் அவருக்கு வேண்டும். மெஷின் சரியாகி வர வேண்டும், உள்ளே இருப்பதை வேறு யாரும் பார்க்கக் கூடாது, ஒரு ஃபைலும் தொலையக் கூடாது. அவர் உண்மையில் கேட்பது இந்த மூன்றும்தான்.

நான் பல வருடங்களாக லேப்டாப் சிப் லெவல் சர்வீஸ் செய்கிறேன், டேட்டா ரெக்கவரியும் பார்க்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: உங்கள் லேப்டாப்பைச் சரிசெய்ய, ஃபைல்களெல்லாம் சேமித்திருக்கும் டிஸ்க்கும் வேண்டாம், பாஸ்வேர்டும் வேண்டாம். டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு மீதியைக் கொடுங்கள். உங்கள் நிலைமையில் இதைவிடப் பாதுகாப்பான வழி கிடையாது. மற்றதெல்லாம் இதைச் செய்ய முடியாதபோது என்ன செய்வது என்பதுதான்.

ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், ஆன் ஆகாத லேப்டாப் எங்கள் மேசைக்கு வந்ததும் நடப்பது இதுதான். பின்மூடியைக் கழற்றி, முதல் வேலையாக பேட்டரி கனெக்டரை எடுத்துவிடுவோம். டீ எதுவரை இறங்கியிருக்கிறது என்று லென்ஸ் வைத்துப் பார்ப்போம். சர்க்கரை போட்ட டீ என்றால் பிசுபிசுவென்று ஒட்டியிருக்கும். நாலு நாள் தள்ளிப்போயிருந்தால் சின்னச் சின்ன சிப் கால்களில் பச்சை பூத்திருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பிரஷ் போட்டுச் சுத்தம் செய்து காயவைத்து, அடாப்டருக்குப் பதிலாக பவர் சப்ளையிலிருந்து கரண்ட் கொடுத்து, போர்டு எவ்வளவு ஆம்பியர் இழுக்கிறது என்று பார்ப்போம். ஒன்றுமே இழுக்கவில்லை என்றால் தேடும் இடம் வேறு. கொடுத்த உடனே எகிறினால் எங்கோ ஷார்ட், அதற்குத் தேடும் இடம் வேறு. 3.3 வோல்ட், 5 வோல்ட் லைன்கள் வருகின்றனவா என்று மீட்டர் வைத்து ஒவ்வொன்றாகப் போவோம். இத்தனை வேலையிலும் விண்டோஸ் எங்கேயும் வரவில்லை. விண்டோஸுக்கு முன்னால் போர்டிலிருந்தே வரும் பயாஸ் திரை வந்துவிட்டால் போர்டு பிழைத்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் கீபோர்டு, வைஃபை, ஸ்பீக்கர், கேமரா எல்லாம் சோதிக்க வேண்டுமே என்பார்கள். அதற்குத்தான் சர்வீஸ் கடைகளில் விண்டோஸ் போட்ட ஒரு டெஸ்ட் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத புது வகை டிஸ்க்) வைத்திருப்போம். இல்லையென்றால் லினக்ஸ் போட்ட ஒரு பென்டிரைவ் போதும்.

அப்படியானால் கடைக்காரர் ஏன் பாஸ்வேர்டு கேட்கிறார்? அவரைச் சந்தேகப்படச் சொல்லவில்லை. பெரும்பாலும் அது பழக்கம். சரிசெய்த பிறகு டெஸ்க்டாப் வரை வருகிறது என்று காட்டிவிட்டுக் கொடுத்தால், "நீங்க குடுத்தப்போ வைஃபை வேலை செய்யல" என்று மறுநாள் வாடிக்கையாளர் வந்து நிற்க மாட்டார். நியாயமான காரணம்தான். ஆனால் அதை நீங்கள் வாங்க வரும்போது உங்கள் எதிரிலேயே டிஸ்க்கை மாட்டி, நீங்களே பாஸ்வேர்டு போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். அதற்காக இரண்டு நாள் முழு வீட்டையும் திறந்துபோட்டு வைக்க வேண்டியதில்லை.

ஆபத்து உண்மையா என்று கேட்டீர்கள். உண்மைதான், அளந்து பார்த்திருக்கிறார்கள். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு லேப்டாப்பை பேட்டரி மாற்ற வேண்டும் என்று பல கடைகளுக்குக் கொண்டுபோனார்கள். பேட்டரி மாற்ற பாஸ்வேர்டு எதற்கு? இருந்தும் ஒரு கடையைத் தவிர மற்றெல்லோரும் கேட்டிருக்கிறார்கள். அடுத்த கட்டத்தில், சவுண்டு டிரைவரை மட்டும் வேண்டுமென்றே நிறுத்திவைத்த லேப்டாப்களை 16 கடைகளில் இரவு தங்கும்படி விட்டு, உள்ளே நடப்பதையெல்லாம் ரகசியமாகப் பதிவுசெய்தார்கள். ஆறு இடங்களில் டெக்னீஷியன்கள் தனிப்பட்ட ஃபைல்களைத் திறந்து பார்த்திருந்தார்கள். இரண்டு இடங்களில் வெளியே காப்பியும் எடுத்திருந்தார்கள். சிலர் சமீபத்தில் திறந்த ஃபைல்களின் பட்டியலை அழித்து, பார்த்த தடயத்தையும் துடைக்கப் பார்த்திருக்கிறார்கள். பெண்களுடையது போல அமைத்திருந்த லேப்டாப்களில்தான் இது அதிகம். இது ஒரு நாட்டில், சில கடைகளில் எடுத்த கணக்கு. நம் ஊரிலும் இதே விகிதம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் என் தொழிலில் இது நடக்காத விஷயம் என்றும் என்னால் சொல்ல முடியாது. ஹாங்காங்கில் ஒரு நடிகர் ரிப்பேருக்குக் கொடுத்த லேப்டாப்பிலிருந்து போன அந்தரங்கப் படங்கள் 2008-இல் இணையமெங்கும் பரவின. அவற்றை எடுத்த டெக்னீஷியனுக்கு அடுத்த வருடம் சிறைத் தண்டனை கிடைத்தது. தண்டனை வந்ததால் படங்கள் திரும்பி வரவில்லை.

சரி, டிஸ்க்கைக் கழற்றுவது எப்படி? உங்கள் மாடல் எது என்று எழுதவில்லை, அதனால் பொதுவாகத்தான் சொல்ல முடியும். கடந்த ஏழெட்டு வருடங்களில் வாங்கிய பெரும்பாலான விண்டோஸ் லேப்டாப்களில் டிஸ்க் என்பது எம்.2 எஸ்எஸ்டி. கிட்டத்தட்ட ஒரு சூயிங்கம் பட்டை அளவுள்ள சிறு போர்டு. மாடல் பெயரோடு 'எஸ்எஸ்டி ரீப்ளேஸ்மென்ட்' என்று யூடியூபில் தேடினால் உங்கள் லேப்டாப்பையே யாராவது கழற்றிக் காட்டியிருப்பார்கள். அதை ஒருமுறை முழுக்கப் பார்த்துவிட்டுக் கையை வையுங்கள். சார்ஜரை எடுத்துவிட்டு, லேப்டாப்பைக் கவிழ்த்து, சின்ன ஸ்டார் ஸ்க்ரூடிரைவரால் பின்மூடி ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். ஸ்க்ரூக்கள் ஒரே நீளமாக இருக்காது. ஒரு தாளில் லேப்டாப் மாதிரி கட்டம் வரைந்து, எடுத்த இடத்திலேயே ஒவ்வொன்றையும் வையுங்கள். நீள ஸ்க்ரூவைக் குட்டை இடத்தில் மாட்டினால் மேல்பக்கம் புடைத்துக்கொண்டு வரும். ரப்பர் காலுக்கு அடியிலும் ஸ்க்ரூ ஒளிந்திருக்கலாம். மூடி வரவில்லை என்றால் ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள். பழைய பிளாஸ்டிக் கார்டு ஒன்றை ஓரத்தில் நுழைத்து மெல்ல ஓட்டினால் ஒவ்வொரு லாக்காக டக் டக்கென்று விடும்.

மூடி திறந்ததும் முதலில் பேட்டரி கனெக்டரை எடுங்கள். அதற்கு முன் எதையும் தொடாதீர்கள், டீ பட்ட மெஷினில் இது மிக முக்கியம். எஸ்எஸ்டியை ஒரு முனையில் ஒரே ஒரு ஸ்க்ரூ பிடித்திருக்கும். அதை எடுத்தவுடன் அந்த முனை தானாகவே சாய்வாக எழும்பி நிற்கும். பயப்பட வேண்டாம், அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். அதே சாய்வில் பிடித்து இழுத்தால் வந்துவிடும். தங்க நிறக் கால்களைத் தொடாமல், ஓரத்தைப் பிடியுங்கள். ஹீட்சிங்க் தகடு ஒட்டியிருந்தால் அதோடு சேர்த்தே எடுங்கள். அப்புறம் இன்னொரு தடவை உள்ளே பாருங்கள். சில லேப்டாப்களில் விண்டோஸ் எஸ்எஸ்டியில் இருக்கும், டி டிரைவ் என்று நீங்கள் பார்ப்பது தனியாக ஒரு 2.5 இன்ச் ஹார்ட் டிஸ்க்காக இருக்கும். எஸ்எஸ்டியை மட்டும் எடுத்துவிட்டுப் படங்கள் முழுக்க இருக்கிற ஹார்ட் டிஸ்க்கை உள்ளேயே விட்டுக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. பக்கவாட்டில் மெமரி கார்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். நீங்கள் கணக்கு வேலை செய்வதால் இதையும் சொல்கிறேன்: டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் யூஎஸ்பியில் செருகியபடியே சர்வீஸுக்கு வரும் லேப்டாப்பைப் பார்த்திருக்கிறேன். அதன் பின் நம்பரை லேப்டாப் அடியில் ஸ்டிக்கராக ஒட்டி வைப்பவர்களும் உண்டு. இரண்டையும் எடுத்துவிடுங்கள்.

கழற்றவே கை நடுங்குகிறது என்றால் அதற்கும் வழி இருக்கிறது. கடைக்குப் போய், "முதலில் என் எதிரிலேயே டிஸ்க்கைக் கழற்றிக் கொடுத்துவிடுங்கள், அப்புறம் பாருங்கள்" என்று கேளுங்கள். ஐந்து நிமிட வேலை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்களில் கவுண்டரிலேயே செய்துகொடுப்பார்கள். எனக்குத் தெரிந்து நல்ல டெக்னீஷியன் இதற்குச் சந்தோஷப்படுவார், ஏனென்றால் உங்கள் டேட்டாவுக்கு அவர் பொறுப்பேற்க வேண்டியதில்லை. காரணம் சொல்லாமல் மறுக்கிற கடை என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். ஒரு விதிவிலக்கு: லேப்டாப் வாரண்டியில் இருந்தால், திறப்பதற்கு முன் கம்பெனி சர்வீஸ் எண்ணுக்குப் போன் செய்து, டிஸ்க்கை எடுத்துவிட்டுக் கொடுக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். டீ கொட்டியது சாதாரண வாரண்டியில் வராது, தனியாக ஆக்ஸிடென்டல் டேமேஜ் பிளான் எடுத்திருந்தால்தான் வரும். பெரும்பாலான சென்டர்களில் டேட்டாவுக்குப் பொறுப்பில்லை என்று படிவத்திலேயே கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள் என்பதால், டிஸ்க் இல்லாமல் கொடுப்பது அவர்களுக்கும் புதிதில்லை.

கழற்றிய எஸ்எஸ்டியை என்ன செய்வது? டீ அதன் மேலும் பட்டிருந்தால் உடனே எதிலும் செருகாதீர்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து நன்றாகக் காயவிட வேண்டும். காய்ந்திருந்தால், ஒரு யூஎஸ்பி என்க்ளோஷர் (எஸ்எஸ்டியை வெளி டிரைவாக மாற்றும் சின்ன டப்பா) வாங்கி அதில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால், பூட்டாத டிஸ்க் என்றால் உங்கள் ஃபைல்கள் அப்படியே தெரியும். ரிட்டர்ன் வேலை நிற்காது. வாங்கும்போது மட்டும் கவனம்: எம்.2 எஸ்எஸ்டியில் இரண்டு வகை இருக்கிறது. கால் பக்கம் ஒரே ஒரு வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ, இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா. எஸ்எஸ்டி மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனால் கடையில் சரியானதைத் தருவார்கள்; இரண்டையும் ஏற்கும் என்க்ளோஷரும் உண்டு. பழைய 2.5 இன்ச் டிஸ்க் என்றால் சாட்டா யூஎஸ்பி கேபிளே போதும், சில நூறு ரூபாய்தான்.

அப்படி மாட்டிப் பார்க்கும்போது உங்களுக்கே ஒன்று புரியும். டிரைவைத் திறந்து, யூசர்ஸ் ஃபோல்டருக்குள் உங்கள் பெயரைக் கிளிக் செய்தால், "இந்த ஃபோல்டரைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை" என்று ஒரு பெட்டி வரும். அதிலேயே 'கன்டினியூ' என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் எல்லாம் திறந்துவிடும். உங்கள் பாஸ்வேர்டை எங்கேயும் கேட்காது. விண்டோஸ் பாஸ்வேர்டு என்பது அந்த லேப்டாப்பில் அந்த விண்டோஸுக்குள் நுழைவதற்கு மட்டும்தான். டிஸ்க்கில் எழுதியிருப்பதை அது மறைப்பதில்லை. ஆகவே "பாஸ்வேர்டு கொடுக்கவில்லை, அதனால் பத்திரம்" என்று டிஸ்க்கோடு கொடுப்பது பாதிப் பாதுகாப்புகூட இல்லை.

மறைப்பது என்கிரிப்ஷன், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி டேட்டாவையே குழப்பி எழுதுவது. விண்டோஸில் பிட்லாக்கர், அல்லது ஹோம் பதிப்பில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்ற பெயரில் இருக்கும். இது உங்கள் லேப்டாப்பில் இருக்கிறதா என்பதை ஆன் ஆகாத நிலையில் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பு முதல், புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால் தானாகவே இயங்கத் தொடங்கிவிடும். அதற்கு முன்பும் பல லேப்டாப்களில் உரிமையாளருக்கே தெரியாமல் இயங்கிக்கொண்டிருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கு போடாமல் லோக்கல் கணக்கோடு இருக்கும் மெஷினில் என்கிரிப்ஷன் பாதியில் நிற்கும்; டேட்டா குழம்பிய வடிவில்தான் இருக்கும், ஆனால் அதைத் திறக்கும் சாவியும் டிஸ்க்கிலேயே பூட்டாமல் இருக்கும், அதனால் பயனில்லை. என்க்ளோஷரில் மாட்டும்போது 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டால் உங்கள் டிஸ்க் உண்மையாகவே பூட்டியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

அந்த 48 இலக்கத்தை இன்றைக்கே எடுத்து வையுங்கள், லேப்டாப்பைக் கொடுப்பதற்கு முன்பே. போனில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குப் பக்கத்தைத் திறந்து, டிவைசஸ் பகுதியில் பிட்லாக்கர் ரெக்கவரி கீ என்று இருப்பதைப் பாருங்கள். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பூட்டின் சாவி மதர்போர்டில் இருக்கும், சாவிகளைப் பாதுகாக்கும் டிபிஎம் என்ற பகுதியோடு கட்டப்பட்டிருக்கிறது. போர்டை மாற்றினாலோ, பயாஸை மறுபடி எழுதினாலோ, விண்டோஸ் வரும்போது நீலத் திரையில் இந்தக் கீயைக் கேட்கும். கீ இல்லையென்றால் எந்தக் கடையும் எந்த மென்பொருளும் அதைத் திறக்காது. பிறரிடமிருந்து காக்கப் போட்ட பூட்டுக்குள் சொந்த ஃபைல்களையே இழந்து நின்றவர்களை நான் வருடாவருடம் பார்க்கிறேன். என்னிடம் அழுதவர்களுக்கும் என்னால் ஒன்றும் செய்ய முடிந்ததில்லை.

போன் கையில் இருக்கும்போதே இன்னும் சில வேலைகள். லேப்டாப் ஆன் ஆகாவிட்டாலும், அதில் லாகின் ஆகியிருப்பவற்றை வெளியிலிருந்தே துண்டிக்கலாம். வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' போய் அந்தக் கம்ப்யூட்டரை லாக் அவுட் செய்யுங்கள். டெலிகிராம் வைத்திருந்தால் அதிலும் அப்படியே. கூகுள் கணக்கில் செக்யூரிட்டி பகுதியில் 'யுவர் டிவைசஸ்' பட்டியலில் அந்த லேப்டாப்பை சைன் அவுட் செய்யுங்கள். குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை: அவற்றைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் குரோம் விண்டோஸ் பாஸ்வேர்டையோ பின் நம்பரையோ கேட்கும். கடைச் சீட்டில் எழுதித் தரச் சொன்னது அதைத்தான். சீட்டில் அதை எழுதினால் ஜிஎஸ்டி போர்ட்டல், வருமான வரி, நெட் பேங்கிங் என்று சேமித்து வைத்த அத்தனையையும் சேர்த்துக் கொடுத்ததாக ஆகும். ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தால் அந்த முக்கியமான கணக்குகளின் பாஸ்வேர்டுகளை இன்றே போனிலிருந்து மாற்றிவிடுங்கள். வீட்டார் ஆதார் ஸ்கேன் விஷயத்தில் கவலை இருந்தால், எம்ஆதார் செயலியில் பயோமெட்ரிக் லாக் போட்டுவைக்கலாம், இலவசம்தான்.

டிஸ்க்கைக் கழற்றவே முடியாத மெஷின்களும் உண்டு. ஆப்பிள் மேக்புக்குகள் பலவற்றில், விலை குறைந்த சில விண்டோஸ் லேப்டாப்களில், குரோம்புக்குகளில் ஸ்டோரேஜ் மதர்போர்டிலேயே பற்றவைத்து சால்டர் செய்திருக்கும். மேக்கில் நிலைமை அவ்வளவு மோசமில்லை: 2018 முதல் வந்த டி2 சிப் மேக்புக்குகளிலும், 2020 முதல் வந்த எம் வரிசையிலும் ஸ்டோரேஜ் எப்போதும் என்கிரிப்ட் ஆகியே இருக்கும், ஃபைல்வால்ட் என்ற ஆப்பிளின் பூட்டும் போட்டிருந்தால் உங்கள் பாஸ்வேர்டு இல்லாமல் எடுக்க வழியில்லை. அதே காரணத்தால் போர்டை மாற்றினால் டேட்டாவும் போய்விடும், பேக்கப் இல்லையென்றால் அவ்வளவுதான். சால்டர் செய்த, என்கிரிப்ட் ஆகாத விண்டோஸ் மெஷின் ஆன் ஆகவில்லை என்பதுதான் மிகச் சிக்கலான நிலை. அங்கே நான் சொல்லும் நுட்பம் ஒன்றும் இல்லை. உட்கார்ந்து பார்க்க விடுகிற, உங்களுக்குத் தெரிந்தவர் கைகாட்டிய கடையைத் தேடுவதுதான் வழி.

இன்னொரு வகை, மெஷின் ஆன் ஆகிறது, பிரச்சினை மென்பொருளில். இங்கே லாகின் செய்யாமல் வேலை நடக்காது என்பது உண்மை. அப்போது உங்கள் கணக்கைக் கொடுக்காமல், செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் போய் புதிதாக ஒரு ஸ்டாண்டர்டு கணக்கு உருவாக்கிக் கொடுங்கள். அதிலிருந்து உங்கள் ஃபோல்டர் திறக்காது. ஆனால் டிரைவர் போட, அப்டேட் செய்ய அட்மின் உரிமை வேண்டும் என்பார்கள்; அட்மின் கொடுத்தால் எல்லாம் திறந்துவிடும், பிட்லாக்கர் இருந்தாலும்கூட, ஏனென்றால் விண்டோஸ் ஏறிய பிறகு பூட்டு திறந்த நிலையில்தான் இருக்கிறது. அதனால் அட்மின் வேலை என்றால் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே பாஸ்வேர்டை அடியுங்கள். போன்களில் இதற்கென்றே ரிப்பேர் மோடு வந்துவிட்டது: சாம்சங் 2022-இலும் கூகுள் பிக்சல் 2023-இலும் கொண்டுவந்தன. அதைப் போட்டுக் கொடுத்தால் டெக்னீஷியனுக்கு வெறும் போன்தான் தெரியும். விண்டோஸில் அப்படி ஒன்று இன்னும் இல்லாதது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. திரை மட்டும் உடைந்திருந்தால் இன்னும் எளிது: எச்டிஎம்ஐ கேபிளில் வீட்டு டிவியில் மாட்டி, வேண்டியதைக் காப்பி எடுத்து, லாக் அவுட் செய்து, டிஸ்க்கை எடுத்துவிட்டுக் கொடுக்கலாம். திரை மாற்றவும் பாஸ்வேர்டு தேவையில்லை.

பழுதானது டிஸ்க்கே என்றால்? வாரண்டியில் மாற்றித் தரும்போது கம்பெனி பழைய டிஸ்க்கை எடுத்துக்கொள்ளும். அது வேலை செய்யவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். டிக் டிக்கென்று சத்தம் போடும் ஹார்ட் டிஸ்க்கில் பெரும்பாலும் கெட்டிருப்பது டேட்டாவைப் படிக்கும் ஹெட். தட்டில் டேட்டா அப்படியே இருக்கும், அதை எடுப்பதுதான் எங்கள் பிழைப்பே. டெல், ஹெச்பி, லெனோவோ போன்றவை கெட்ட டிஸ்க்கை நீங்களே வைத்துக்கொள்ளும் திட்டத்தைத் தனிக் கட்டணத்துக்குத் தருகின்றன. பெரும்பாலும் அலுவலகங்கள் எடுப்பது. அது இல்லாத வீட்டு வாடிக்கையாளருக்கு என் கருத்து: உள்ளே கிளையண்ட் கணக்குகளும் குடும்பப் படங்களும் என்கிரிப்ட் ஆகாமல் இருந்தால், வாரண்டியை விட்டுவிட்டு சொந்தக் காசில் புது எஸ்எஸ்டி வாங்குவது மேல். கெட்ட ஹார்ட் டிஸ்க்கை வீசும் முன் தட்டில் டிரில் போட்டு நாலைந்து ஓட்டை போடலாம். லேப்டாப் டிஸ்க்குகளில் தட்டு பெரும்பாலும் கண்ணாடி, சிதறும், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டியில் நடுவில் ஒரு ஓட்டை போட்டால் போதாது, அதில் உள்ள ஒவ்வொரு மெமரி சிப்பும் உடைய வேண்டும்.

பழைய லேப்டாப்பை எக்ஸ்சேஞ்சில் தள்ளுகிறவர்களுக்கும் இதே விஷயம்தான். எம்ஐடியில் இருந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் இருவரும் 158 பழைய ஹார்ட் டிஸ்க்குகளை வாங்கிச் சோதித்து 2003-இல் எழுதினார்கள். படிக்க முடிந்த 129-இல் ஒழுங்காக அழிக்கப்பட்டவை 12 மட்டுமே. 'ஃபார்மட் போட்டாச்சு' என்பது அழித்ததாகாது. ஹார்ட் டிஸ்க் என்றால் முழுவதையும் ஒருமுறை மேலெழுதினால் போதும். 35 முறை எழுத வேண்டும் என்ற பேச்சு 1996-இல் பீட்டர் குட்மன் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது, இன்றைய டிஸ்க்குகளுக்கு அது தேவையில்லை என்று அவரே பின்னால் சொல்லிவிட்டார். எஸ்எஸ்டியில் மேலெழுதுவது நம்பத்தக்கதல்ல, நம் கைக்கு எட்டாத உபரி இடம் உள்ளே இருக்கிறது. அதற்கு டிஸ்க்கிலேயே இருக்கும் செக்யூர் எரேஸ் கட்டளை வேண்டும்.

லேப்டாப்பைக் கொடுக்கும்போது கடை தரும் ஜாப் கார்டில் "ஹார்ட் டிஸ்க் இல்லாமல் பெறப்பட்டது" என்று எழுத வைத்துக் கையெழுத்து வாங்குங்கள். ரேமில் ஒட்டியிருக்கும் லேபிளையும் திறந்திருக்கும்போதே போட்டோ எடுத்துவிடுங்கள், மாற்றிப் போடும் பேச்சே வராது. சட்டம் உங்கள் பக்கம்தான்: அனுமதியில்லாமல் ஒருவர் கம்ப்யூட்டரிலிருந்து டேட்டாவை எடுப்பது 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-ஆம் பிரிவின்படி தவறு, நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவில் மூன்று வருடம் வரை சிறையோ, ஐந்து லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. தேசிய சைபர் குற்றப் புகார்த் தளம் இருக்கிறது. பணம் போனால் உடனே 1930-ஐ அழைக்கலாம். ஆனால் காப்பி எடுத்தார் என்று பின்னால் நிரூபிப்பது கடினம். கழற்றிய டிஸ்க்கை வேறு கருவியில் மாட்டி நகல் எடுத்திருந்தால் விண்டோஸில் ஒரு தடயமும் இருக்காது. எனக்கே கண்டுபிடிக்க வழியில்லை. கிளையண்டுகளின் கணக்கு வேறு உங்கள் பொறுப்பில் இருக்கிறது. 2023-ஆம் ஆண்டு தனிநபர் டேட்டா பாதுகாப்புச் சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வரும்போது இந்தப் பொறுப்பு இன்னும் கூடும்.

சரியாகித் திரும்பி வந்ததும், டிஸ்க் இல்லாமலே ஆன் செய்தால் 'பூட் டிவைஸ் இல்லை' என்று வரும்; அது சரிதான். ஆஃப் செய்து, பேட்டரி கனெக்டரை எடுத்து, எஸ்எஸ்டியை அதே சாய்வில் செருகி ஸ்க்ரூ போட்டு, கனெக்டரை மறுபடி மாட்டுங்கள். ரெக்கவரி கீ கேட்டால் 48 இலக்கத்தைப் போடுங்கள். கீ கேட்காமல் நீலத் திரையில் 'இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று வந்து நின்றால், பயந்து கடைக்குத் திரும்ப ஓடாதீர்கள். சர்வீஸில் பயாஸ் செட்டிங் அழிந்து, ஸ்டோரேஜ் முறை மாறியிருக்க வாய்ப்பு அதிகம். பயாஸுக்குள் போய் அந்த ஸ்டோரேஜ் முறை ஏஹெச்சிஐ என்று இருந்தால் விஎம்டி அல்லது ரெய்டு என்றும், விஎம்டி அல்லது ரெய்டு என்று இருந்தால் ஏஹெச்சிஐ என்றும் மாற்றிப் பாருங்கள், பல சமயம் அதிலேயே விண்டோஸ் வந்துவிடும். கடையில் இதே திரையைக் காட்டி "ஓஎஸ் போயிடுச்சு, ஃபார்மட் போடணும்" என்றால், முதலில் இந்த செட்டிங்கை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.